கோடு, மை, அச்சு: பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் என் பட்டறை. பதினைந்து ஆண்டுகளாக அங்கே வரைகிறேன், மை காய்ச்சுகிறேன், அச்சு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் வந்து உடன் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் உண்டு, பேச மட்டும் தெரிந்தவர்களும் உண்டு. வருவதற்கு முன்பும் வந்த பிறகும் அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அச்சோவியம் என்றால் ஓவியத்தின் நகல்தானே?

இல்லை. நகல் என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டும். அச்சோவியத்துக்கு அப்படித் தனியாக ஒரு மூலம் கிடையாது. மரத்திலோ, லினோ என்று சுருக்கமாகச் சொல்லும் லினோலியத்திலோ (தரைவிரிப்பாகவும் போடும் மெத்தென்ற தகடு) செதுக்கி வைத்திருப்பது படம் அல்ல. அதில் மை பூசி, காகிதத்தை வைத்து அழுத்தி, உரித்தெடுக்கும்போதுதான் படம் பிறக்கிறது. இருபது தாள் எடுத்தால் இருபதும் மூலம்தான். தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 5/20 என்று எழுதியிருந்தால், இருபது தாள் கொண்ட பதிப்பில் இது ஐந்தாவது என்று பொருள்.

ஓவியத்தை ஸ்கேன் செய்து கணினி அச்சுப்பொறியில் எடுத்த தாளிலும் இதே போல எண் போட்டு விற்கிறார்கள். அதனால் வாங்கும்போது தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டில் கீறி எடுத்த அச்சு என்றால், தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கோட்டின் மேல் மை மெல்லிய மேடாக நிற்கும்.

நேராக வரைந்துவிட்டால் போதாதா? எதற்கு இத்தனை சுற்று?

நானும் வரைவதில்தான் தொடங்கினேன். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். மூடிக் கிடந்த காலத்தில் அந்த உருவத்தின் விளிம்பைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன். உள்ளே ஒரு முகம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரிவது போர்வை மட்டும்.

வரைய வரையக் கை பழகிவிட்டது. பழகிய கை தனக்குத் தெரிந்த வளைவையே போடத் தொடங்கியது. பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் நான் கண்ட சிலை அதில் இல்லை. அப்போதுதான் ஒரு லினோத் துண்டையும் செதுக்கு கத்தியையும் எடுத்தேன். பேனாவில் ஒரு நொடியில் விழுகிற வளைவுக்கு லினோவில் அரை நிமிடம் ஆகிறது. கத்தி வழுக்கும், திணறும், நிறுத்தித் திருப்பிப் பிடிக்க வேண்டும். அந்த அரை நிமிடமும் அந்த வளைவைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. என் கோட்டுக்கு அந்தத் தடை தேவைப்பட்டது. அன்றிலிருந்து நான் செய்கிற சோதனைகள் எல்லாம் இந்த ஒன்றைத் தேடித்தான்: கையை விட்டுப் போன பிறகு ஒரு கோட்டுக்கு என்னவெல்லாம் நேர்கிறது? உலோகம் அதை என்ன செய்கிறது, மை என்ன செய்கிறது, ஈரக் காகிதம் என்ன செய்கிறது?

எதில் தொடங்கலாம்?

லினோவில். பென்சில் அழிப்பானிலும் தொடங்கலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணம் தொட்டுப் பள்ளியில் அச்சுக் குத்தியிருப்பீர்களே, அதே கொள்கைதான். மேடாக நிற்பது மை வாங்கும், வெட்டியது வெள்ளையாக நிற்கும். லினோ விறைப்பாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், கத்தி வெண்ணெயில் போவது போல் போகும். பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். பட்டறையில் நான் கறாராக இருப்பது இந்த ஒன்றில்தான்.

தமிழ் எழுத்துகளைச் செதுக்கினால் தலைகீழாகிவிடுகிறதே?

இட வலம் மாறும், ஆமாம். என் அப்பா சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்னும் கையடக்கச் சட்டத்தில் அவர் கோப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எழுத்துகள் தலைகீழாக, இடமிருந்து வலமாக நிற்கும். அவர் அதை நாம் நாளிதழ் படிக்கிற வேகத்தில் படிப்பார். ‘ப’ மட்டும் இடம் வலம் மாறாமல் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் எனக்கு அந்தப் பெட்டியில் முதலில் பிடிபட்ட எழுத்து.

பட்டறையில் ஒரு மாணவி ‘மழை’ என்று செதுக்கினார். ஒவ்வொரு எழுத்தையும் கவனமாகக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பினார். வரிசையைத் திருப்ப மறந்துவிட்டார். அச்சு எடுத்தபோது ‘ழமை’ என்று வந்தது. ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் ‘ழ’வை விட்டு ‘ம’வோடு ஒட்டிக்கொண்டது. இதற்கு எளிய வழி உண்டு. மெல்லிய டிரேசிங் தாளில் 6பி பென்சிலால் நேராகவே எழுதுங்கள். தாளைக் கவிழ்த்து லினோ மேல் வைத்து முதுகில் தேயுங்கள். எழுத்தும் வரிசையும் தாமாகவே திரும்பி இறங்கிவிடும்.

நீங்கள் காய்ச்சும் கடுக்காய் மையை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். மூன்றே பொருள்: கடுக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். தமிழ்நாட்டில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இங்கே கிரந்திகே அங்கடி என்று பெயர்ப்பலகை இருக்கும் கடைக்குப் போய், கடுக்காயை அளலேக்காயி என்று கேளுங்கள். அன்னபேதிக்குக் கன்னடத்திலும் அதே பெயர்தான்.

100 கிராம் கடுக்காயை இடித்துக் கொட்டையை நீக்கி, அரை லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுகிறேன். மறுநாள் பாதியாக வற்றும்வரை சிறு தீயில் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுகிறேன். தேநீர் நிறத்தில் ஒரு துவர்ப்பு நீர் கிடைக்கும். அது ஆறியதும் 30 கிராம் அன்னபேதியைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேநீர் கருத்துவிடும். கடைசியாக 20 கிராம் பிசினைக் கரைத்துச் சேர்க்கிறேன். பிசின் இல்லாவிட்டால் மை காகிதத்தில் பரவி ஓடும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாலைந்து கிராம்பைப் போட்டு வைக்கலாம். அன்னபேதி இரும்பு உப்பு, வாயில் படக் கூடாது. இதற்கென்று ஒதுக்கிய பாத்திரத்தில்தான் காய்ச்ச வேண்டும். அது மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. குழந்தைகளை எட்ட உட்காரவையுங்கள்.

இந்த மையில் எனக்குப் பிடித்தது அதன் தாமதம். எழுதும்போது கோடு வெளிறிய சாம்பலாகத் தெரியும். காற்றுப் பட்டு இரும்பு ஆக்சிஜனோடு சேரச் சேரக் கருக்கும். நீங்கள் கையை எடுத்த பிறகும் கோடு மாறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆவணங்கள் எழுதிய மையும் இதே குடும்பம்தான். அங்கே ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் புடைப்பைப் பயன்படுத்தினார்கள். நம் கடைகளில் அதுவும் மாசிக்காய் என்ற பெயரில் கிடைக்கிறது.

அடுத்து ஒரு சோதனை, இதைக் கலம்காரிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்கள் துணியைக் கடுக்காய் கலந்த பாலில் நனைத்துக் காயவைத்து, வெல்லத்தோடு இரும்பைப் புளிக்கவைத்த நீரால் அதன்மேல் வரைவார்கள். தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர் கலம்காரியிலும் அந்தக் கறுப்புக் கோடு இப்படித்தான் வருகிறது. நான் துணிக்குப் பதில் காகிதத்தில் கடுக்காய் நீரைப் பூசிக் காயவைத்தேன். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து, அந்த நீரை மரக்கட்டையில் தடவி அச்சுக் குத்தினேன். கட்டையில் நிறமே இல்லை. ஏதோ பழுப்பு ஈரம், அவ்வளவுதான். காகிதத்தில் பட்ட இடமெல்லாம் கறுப்பு எழுந்து வந்தது. மை கட்டையிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. இரண்டும் தொட்ட இடத்தில் உண்டானது.

கடுக்காய் மையைப் பேனாவில் ஊற்றலாமா?

கூடாது. உள்ளே படிவு கட்டி அடைத்துவிடும், நிப்பையும் அரித்துவிடும். தொட்டு எழுதும் நிப், மூங்கில் பேனா, தூரிகை போதும்.

இயற்கை மைகள் நிலைக்குமா?

எல்லாம் நிலைக்காது. மஞ்சள் கண்ணைப் பறிக்கும் நிறம், ஆனால் வெயிலில் நிற்காது. பீட்ரூட் அதைவிட மோசம். அவுரி நீலம் இவற்றை எல்லாம் விட உறுதியானது. எதையும் பிறர் சொல்லி நம்பாதீர்கள். ஒரு காகிதப் பட்டையில் மையைப் பூசி, பாதியைக் கனமான அட்டையால் மூடி, தெற்குப் பார்த்த சன்னலில் ஒரு கோடைக்காலம் ஒட்டிவையுங்கள். என் மஞ்சள் பட்டையில் மூடிய பாதி அப்படியே இருந்தது. திறந்த பாதி, பழைய வெள்ளை வேட்டியின் நிறத்துக்குப் போயிருந்தது.

கடுக்காய் மை நிறத்தில் உறுதியானது, ஆனால் அதில் அமிலம் உண்டு. இரும்பு அளவு மீறினால் பல ஆண்டுகளில் காகிதத்தையே அரித்துக் கோடு இருந்த இடத்தில் வெட்டு விழும். அதனால்தான் அன்னபேதியைக் கடுக்காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. என்றென்றும் நிலைக்க வேண்டுமென்றால் கரிதான். விளக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்துக் கண்மை செய்வோமே, அதே கரியைப் பிசினோடு அரைத்தால் மை. நேராகத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், கலக்காது. முதலில் பிசின் நீரைச் சில சொட்டு மட்டும் விட்டுக் குழைத்து, பிறகு இளக்க வேண்டும்.

பனையோலைக்கும் அச்சோவியத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்கிறீர்களே, அது எப்படி?

இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை. அச்சோவியத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்றில் மேடு மை வாங்கும்: மரச்செதுக்கு, லினோ. மற்றொன்றில் பள்ளம் மை வாங்கும்: உலோகத் தகட்டில் கீறி அல்லது அரித்து, தகடு முழுவதும் மையை அப்பி, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். கீறலுக்குள் போன மை மட்டும் தங்கும். ஈரக் காகிதம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை இழுத்துக்கொண்டு வரும். இதைக் குழிவு அச்சு என்கிறோம்.

இப்போது சுவடி எழுதியவரை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் ஓலையில் கீறுகிறார். அந்தக் கீறல் ஓலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இலைச்சாறும் கரியும் சேர்த்த மையை ஓலை முழுக்கத் தடவித் துடைக்கிறார். எழுத்தில் மட்டும் கறுப்பு நிற்கிறது. இதற்கு மையாடல் என்று நமக்குச் சொல்லே இருக்கிறது. குழந்தை எழுத்துக் கற்கத் தொடங்கும் சடங்குக்கும் அதே பெயரைச் சொன்னார்கள். குழிவு அச்சின் முக்கால்வாசி வேலை இதில் இருக்கிறது: கீறுவது, மையூட்டுவது, துடைப்பது. காகிதத்தை வைத்து அழுத்துவது ஒன்றுதான் பாக்கி.

இன்னொன்றும் உண்டு. சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பதால். மெல்லிய அட்டையில் கீறும்போது எனக்கும் இதே சிக்கல். நீண்ட கோடு எவ்வளவு ஆழமாகவும் போகும். புள்ளி வைத்தால் அட்டை கிழிகிறது. புள்ளிக்குப் பதிலாக மிகச் சிறிய சுழியைப் போடப் பழகிக்கொண்டேன்.

உலோகத் தகடு விலை அதிகம். வேறு வழி இருக்கிறதா?

பால், பழச்சாறு வருகிற டெட்ரா பேக் அட்டைப்பெட்டி. கழுவி, வெட்டி விரித்து, உள்பக்கத்து வெள்ளி நிறப் பரப்பில் ஊசியால் அழுத்திக் கீறுங்கள். கனமான கறுப்பு வேண்டிய இடத்தில் மேல் படலத்தைக் கத்தியால் உரித்துவிட்டால், அடியில் இருக்கும் சொரசொரப்பான அட்டை மையை நிறையப் பிடித்துக்கொள்ளும். மையை அப்பி, பழைய பருத்தித் துணியால் வட்டமாகத் துடைத்து, நனைத்த காகிதத்தில் அச்செடுங்கள். ஐந்தாறு தாளுக்கு மேல் கீறல் மழுங்கிவிடும். பெட்டியின் மடிப்புக் கோடும் அச்சில் விழும். அதை மறைக்காமல் படத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். நான் எடுத்த ஒரு தொடரில் அந்த மடிப்பு, ஏரிக்கும் கரைக்கும் நடுவே ஓடும் கோடாக நிற்கிறது.

அமிலம் பயன்படுத்துகிறீர்களா?

நைட்ரிக் அமிலத்தைப் பட்டறைக்குள் விடுவதில்லை. அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. அலுமினியம், துத்தநாகத் தகடுகளுக்குச் செம்பு உப்பான மயில்துத்தமும் கல்லுப்பும் போதும். லிட்டர் தண்ணீருக்குத் தலா 75 கிராம் போடுகிறேன். தகட்டில் அரிபட வேண்டாத இடத்தை நகப்பூச்சால் மூடி உள்ளே விட்டால், திறந்த இடத்திலிருந்து குமிழிகள் எழும். செம்பு, சிவந்த பஞ்சு போலப் பொங்கி வரும். அந்தக் குமிழி ஹைட்ரஜன். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், நெருப்பு அருகில் கூடாது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பயன்படுத்திய நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். செம்பு மீன்களுக்கு நஞ்சு, இங்கே சாக்கடை எந்த ஏரிக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சலவை சோடாவைப் போட்டால் செம்பு அடியில் படியும். வடிகட்டி உலர்த்தி, ஆபத்தான கழிவாக ஒப்படைக்கிறேன்.

அச்சுப் பொறி இல்லாமல் முடியுமா?

லினோவுக்கும் மரச்செதுக்குக்கும் முடியும். மெல்லிய காகிதத்தை மேலே விரித்து மரக்கரண்டியின் முதுகால் சிறு சிறு வட்டமாகத் தேயுங்கள். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, மை இறங்காத இடத்தில் மறுபடி தேய்க்கலாம். பொறியில் இந்த வசதி கிடையாது. சப்பாத்திக் கட்டை உருண்டு ஓடும், அழுத்தம் ஒரு சீராக விழாது. குழிவு அச்சுக்குப் பொறி வேண்டும்.

மை காயவே மாட்டேன் என்கிறது, அல்லது உருளையிலேயே காய்ந்துவிடுகிறது. ஏன்?

எந்த மாதம் என்று பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் காற்று வறண்டிருக்கும். தண்ணீரில் கரையும் மை ஈரம் ஆவியாகித்தான் காய்கிறது, அதனால் அப்போது உருளையில் தேய்த்து முடிப்பதற்குள் இறுகிவிடும். எண்ணெய் மை வேறு வகை. அதில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கித்தான் கெட்டிப்படுகிறது. மழைக்காலத்தின் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் இதற்கு ஒரு வாரம்கூட ஆகும்.

ஒரு செப்டம்பரில் முப்பது தாள் கொண்ட பதிப்பை, தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று நம்பி அடுக்கி வைத்தேன். பத்து நாள் கழித்துப் பிரித்தபோது ஒவ்வொரு தாளும் மேலே இருந்த தாளின் முதுகில் தன் படத்தைக் கொடுத்திருந்தது. பதினொரு தாள்தான் மிஞ்சியது. அந்த முதுகுகளில் விழுந்திருந்த வெளிறிய, திரும்பிய படங்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அவற்றின் மேலேயே கடுக்காய் மையால் வரைந்தேன். அந்தத் தொடரை இன்றும் சுவரில் வைத்திருக்கிறேன். இப்போது மழைக்காலத்தில் கொடி கட்டித் துணிக்கிளிப்பில் தொங்கவிடுகிறேன். ஜனவரியில்தான் பெரிய பதிப்புகளை எடுக்கிறேன்.

ஒரே தகட்டில் பல நிறங்களை ஒரே முறையில் அச்சிடுவது எப்படி?

இந்த முறையை, ஆங்கிலேய அச்சோவியர் ஹேட்டர் பாரிஸில் நடத்திய அட்லியே 17 பட்டறையில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கிருஷ்ண ரெட்டி. 1925இல் சித்தூர் பக்கத்தில் பிறந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர். வெளிநாடு போவதற்கு முன் சென்னையில் கலாக்ஷேத்ராவில் கலை கற்பித்தவர். 2018இல் நியூயார்க்கில் காலமானார்.

அடிப்படை சமையலறையிலேயே இருக்கிறது: எண்ணெய் படிந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் இங்கே உருட்டும் இரண்டு மையுமே எண்ணெய் மைதான். ஒன்றில் ஆளி எண்ணெய் கூடுதலாகச் சேர்த்து இளக்கியிருக்கும், மற்றது கெட்டி. தகட்டை வெவ்வேறு ஆழத்தில் அரித்துக்கொள்ள வேண்டும். இளகிய மையைக் கடினமான உருளையால் உருட்டினால் மேல் தளத்தில் மட்டும் படியும். அடுத்து கெட்டி மையை மென்மையான உருளையால் உருட்டினால், அது பள்ளத்துக்குள் இறங்கி அங்கே ஒட்டும், மேலே இருக்கும் இளகிய மை அதை ஏற்றுக்கொள்ளாது. இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்று ஆண்டுகள் முயன்ற பிறகுதான் எனக்கு ஒரு தாள் சரியாக வந்தது. எண்ணெய் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறிவிடுகிறது.

தமிழர்களில் அச்சோவியர்கள் உண்டா?

உண்டு. 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் படைப்புகளிலிருந்து தொடங்குங்கள். பறத்தல், பாதை, எண்கள் ஆகியவற்றைக் கோட்டில் சிந்திக்கிறவர். அச்சு என்ற தொழிலே நமக்கு அந்நியம் அல்ல: தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது.

பெங்களூரில் எங்கே பார்க்கலாம்? பொருள்கள் எங்கே கிடைக்கும்?

அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம், குமார கிருபா சாலையில் கர்நாடக சித்திரகலா பரிஷத். ஜனவரியில் பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தை 2003இலிருந்து நடக்கிறது. சாலை முழுக்க ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், பிறகு நின்று பார்க்க இடம் இருக்காது. காகிதத்துக்கு அவென்யூ சாலை, சுல்தான்பேட்டை. குழிவு அச்சுக்குப் பருத்திக் கந்தலில் செய்த கனமான கைக்காகிதம் கேளுங்கள், புதுச்சேரி ஆசிரமத்துக் காகிதம் நன்றாக உழைக்கும். முந்தின இரவே நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தால் காலையில் இழைகள் இளகியிருக்கும். மைக்கு, ஆஃப்செட் அச்சகங்களுக்கு விற்கும் ஒரு கிலோ டப்பாவே போதுமானது. கைகளையும் உருளையையும் மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். சமையல் எண்ணெயில் துடைத்துப் பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டால் போய்விடும்.

படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

படத்தின் முதுகில் பசையோ ஒட்டு நாடாவோ படக் கூடாது. ஒரு கடையில் கொடுத்த என் தாளை அட்டையில் முழுவதுமாக ஒட்டிவிட்டார்கள், இரண்டு ஆண்டில் மஞ்சள் பூத்துவிட்டது. மேல் ஓரத்தில் மாவுப் பசை வைத்த இரண்டு காகிதக் கீற்றில் தொங்கவிடச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மையும் காகிதமும் கத்தியும் இங்கே இருக்கின்றன. பலமுறை துவைத்து மெலிந்த பருத்தித் துணி ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள், பழைய வேட்டியோ சேலையோ. புதுத் துணி கஞ்சியோடு விறைப்பாக இருக்கும், கீறலுக்குள் இருக்கும் மையையும் சேர்த்து இழுத்துவிடும். நைந்த துணிதான் மேலே மட்டும் துடைத்துக் கோட்டை விட்டுவைக்கும்.